விந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ரயில் பெட்டிக் கதவோரத்திலும் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு நோட்டீஸைப் படிக்காமல் வளர்ந்த ஆண் தமிழ்நாட்டில் அரிது. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று அழைக்கும். இளமையில் செய்த தவறு, கைப்பழக்கம், தூக்கத்தில் விந்து வெளியேறுதல், நரம்புத் தளர்ச்சி, உறுப்பு சிறுத்துப்போதல், இல்லற வாழ்வில் தோல்வி என்று அடுக்கிக்கொண்டே போகும். மாதத்தின் எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்பதோடு முடியும். இப்போது அதே சரக்கு நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடுகிறது.

அந்த நோட்டீஸ்காரரோடு மட்டும் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் விற்கும் பயத்தை அவர் உண்டாக்கவில்லை. நல்ல மனிதர்கள் உண்டாக்கித் தருகிறார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், தாத்தா, ஜிம் மாஸ்டர், ஆன்மிகச் சொற்பொழிவாளர், சில நேரம் படித்த மருத்துவரே கூட, விந்து என்பது உடலின் சாரம், நூறு துளி ரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து ஆகிறது, அதை விரயம் செய்தவன் உடலும் அறிவும் ஆண்மையும் இழப்பான் என்று ஒரு பையனிடம் சொல்லிவிடுகிறார்கள். பையன் அதை 13 வயதில் கேட்கிறான். 40 வயதுவரை சுமக்கிறான். இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு. கொஞ்சம் மிகை, அடியில் ஏதோ உண்மை இருக்கும் என்று சமரசம் பேசவும் இடமில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு துளி என்பார் ஒருவர், நாற்பது என்பார் இன்னொருவர், அறுபது, எண்பது என்றும் உண்டு. நூறு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முறை வெளியேறும் விந்து சுமார் 3 மில்லி. அப்படியானால் ஒவ்வொரு முறையும் 300 மில்லி ரத்தம் போகிறது. ரத்த தான முகாமில் ஒருவரிடம் எடுப்பது 350 மில்லி. எடுத்த பிறகு ஆண்கள் மூன்று மாதம் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. வாரத்துக்கு நான்கு முறை உறவு கொள்ளும் புது மாப்பிள்ளை இந்தக் கணக்கின்படி வாரம் 1.2 லிட்டர் ரத்தம் இழக்கிறான். உடம்பில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர். தலைப் பொங்கல் வருவதற்குள் அவன் செத்திருக்கவேண்டும்.

விந்து வெளியேறினால் ரத்தம் குறையும் என்றால், ரத்தசோகை ஆண்களிடம்தான் அதிகம் இருக்கவேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தது. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. உண்மையில் ரத்தம் இழப்பவர் யார், சத்தில்லாமல் கிடப்பவர் யார் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. ஆணின் 'சக்தி விரயம்' பற்றி இத்தனை நூற்றாண்டுகளாகக் கவலைப்பட்ட சமூகம், பக்கத்திலேயே வெளிறிப்போய் நின்ற பெண்ணைப் பார்க்காமல் இருந்தது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

சத்துக் கணக்கும் அப்படித்தான். விந்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் புரதம். 3 மில்லியில் 0.15 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாற்பது தடவை இழந்ததை ஒரே ஒரு முட்டை ஈடுகட்டிவிடும். மற்றபடி அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் ஃபிரக்டோஸ் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், துளி துத்தநாகம், சில நொதிகள். வைத்தியர் கொடுக்கும் லேகியம் ஈடுகட்ட வேண்டிய அளவுக்கு உடம்பிலிருந்து எதுவும் போகவில்லை.

விந்து எங்கே உண்டாகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். ஆனால் அதைத்தான் நம் வகுப்பறைகள் அவசரமாகத் தாண்டுகின்றன. படம் புத்தகத்தில் இருக்கிறது, பாகங்களின் பெயரும் இருக்கிறது. அந்தப் படம் தன் உடம்பைப் பற்றியது என்று பையனுக்கு யாரும் சொல்வதில்லை.

விந்தணு உற்பத்தியாவது விதைகளில். ஒவ்வொரு விதைக்குள்ளும் நூல்போன்ற நுண்குழாய்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டிருக்கின்றன. நீட்டிப் பிடித்தால் 200 மீட்டரைத் தாண்டும். அவற்றின் சுவரில் இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து விந்தணுவாக மாறச் சுமார் 64 முதல் 74 நாட்கள் ஆகும். பிறகு விதையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குழாயில் ஊர்ந்து நீந்தும் திறனைப் பெறும். விரலால் தடவினால் சிறு திரளாகப் படும் அந்தக் குழாயை நீட்டினால் 6 மீட்டர். இந்த வேலை வயதுக்கு வந்த நாளிலிருந்து முதுமைவரை இரவு பகலாக நடக்கிறது, ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில். வெளியேறினாலும் வெளியேறாவிட்டாலும் நிற்காது. வெளியேறாதவை சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன, அல்லது சிறுநீரோடு கலந்து போகின்றன. காலத்துக்கும் சேமித்து வைக்கும் கிடங்கு என்று ஒன்று ஆண் உடலில் கிடையாது. மூளைக்கு ஏறி ஒளியாக மாறுவதற்கான வழியும் கிடையாது.

விதைகள் உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதற்கும் காரணம் உண்டு. உடல் வெப்பத்தைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். குளிரில் பை சுருங்கி விதைகளை மேலே இழுத்துக்கொள்வதும் வெயிலில் தளர்ந்து தொங்குவதும் அந்த வெப்பத்தைச் சரிசெய்யத்தான். 'தளர்ந்துபோச்சு' என்று ஓடிவரும் இளைஞன் கண்டது கோடைக்காலத்தை. இடது விதை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. ஒன்று மற்றதைவிடச் சிறிதளவு பெரிதாக இருப்பதும் அப்படியே. லாட்ஜ் அறைகளில் இவையெல்லாம் நோய்களாகி, அதற்கு ஒரு மண்டலத்துக்கு மருந்தும் கட்டிக் கொடுக்கப்படுகிறது.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. வெளியேறும் விந்தில் விதைகளிலிருந்து வரும் பங்கு மிகச் சொற்பம். விந்தணுக்கள் மொத்தத்தில் 5 விழுக்காட்டைக்கூடத் தாண்டுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு திரவம் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் விந்துப்பைகளில் சுரக்கிறது. மீதியின் பெரும்பகுதி புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. வாயில் உமிழ்நீர் சுரப்பது எப்படியோ அப்படிச் சுரக்கும் நீர் அது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ மூளையிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ ஒரு சொட்டும் அதில் கலப்பதில்லை.

இதற்கு அறுவைக் கூடத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டில் விதையிலிருந்து மேலே போகும் நாளத்தைத்தான் துண்டிக்கிறார்கள். அதன்பிறகும் விந்து ஏறக்குறைய அதே அளவு வருகிறது. விந்தணு மட்டும் இருக்காது. ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதனால் மீசை, குரல், ஆசை, விறைப்பு எதுவும் மாறாது. சீனாவின் லீ ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய தழும்பில்லா முறையில் இதைச் சில நிமிடங்களில், தையல்கூட இல்லாமல் முடித்துவிடலாம். மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். விந்துதான் வலிமை, அந்த வழியை அடைத்தால் வலிமை போகும் என்று நம்பும் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். மேலே சொன்ன அதே ஆய்வில் பெண்களுக்குச் செய்த கருத்தடை அறுவை 37.9 விழுக்காடு, ஆண்களுக்குச் செய்தது 0.3 விழுக்காடு. வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவையை மனைவி மேல் போட்டுவிட்டு 'எனக்கு உழைக்கணுமே' என்று கணவன் ஒதுங்குவது இந்த நம்பிக்கை தரும் துணிச்சலில்தான்.

மரபை இகழ்கிறேன் என்று சிலருக்குக் கோபம் வரலாம். சித்த மருத்துவம் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று ஏழு தாதுக்களை வரிசைப்படுத்தி, ஒன்றிலிருந்து அடுத்தது விளைகிறது என்றது. ஆயுர்வேதத்திலும் இதே வரிசை. கண்ணால் மட்டுமே பார்க்க முடிந்த காலத்தில் உணவு உடலாகும் விந்தையை விளக்க முயன்ற கூர்மையான ஊகம் அது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் 1677இல் லேவன்ஹுக் தன் நுண்ணோக்கியில் விந்தணுவைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அறிந்தவை குவிந்து கிடக்கும்போது, ஊகத்தை உண்மையாகவே வைத்துக்கொள்வது முன்னோரை மதிப்பதாகாது. அவர்கள் நம் இடத்தில் இருந்திருந்தால் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இது நம் பண்பாட்டின் தனிச்சொத்து என்பதும் சரியல்ல. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் எழுதிய நூலில் ஒரு அவுன்ஸ் விந்து 40 அவுன்ஸ் ரத்தத்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் கிரஹாமும் கார்ன் ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக்கும் இதே அச்சத்தை ஊர் ஊராகப் பரப்பினார்கள். பிரான்ஸில் லாலெமான் 1836இல் விந்து ஒழுகுதலை ஒரு பெருநோயாக்கிப் பெரிய நூலே எழுதினார். லண்டன் பத்திரிகைகளில் நம்மூர் நோட்டீஸை அப்படியே ஒத்த விளம்பரங்கள் வந்தன. இலங்கையைச் சேர்ந்த மனநல மருத்துவர் அதுல சுமதிபாலவும் அவரோடு எழுதியவர்களும் 2004இல் பிரிட்டிஷ் ஆய்விதழில் இந்த வரலாற்றை எடுத்துக்காட்டி, கீழைநாட்டுக்கே உரிய விசித்திரமாக இதைப் பார்க்கக் கூடாது என்றார்கள். மேலைநாட்டார் கிருமிகளையும் ஹார்மோன்களையும் கண்டறிந்தபோது அதைக் கைவிட்டார்கள். காந்தியடிகள் போன்ற பெருமனிதரே விந்துக் காப்பை நம்பிப் பிரசாரம் செய்த இந்த நாட்டில் அது இன்னும் அறிவுரையாகவே உலவுகிறது.

இனி அதிகம் கேட்கப்படும் மறுவாதத்துக்கு வருகிறேன். 'எனக்கே நடக்கிறது. சோர்வாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது, படிப்பில் மனம் போகவில்லை, சிறுநீரில் வெள்ளையாகப் போகிறது. இதெல்லாம் பொய்யா?' இல்லை, பொய் இல்லை. அந்த வேதனை நிஜம். மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் இதற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், விந்து போனதால் சோர்வு வரவில்லை. விந்து போகிறதே என்ற பயத்தாலும் குற்ற உணர்வாலும், பல நேரங்களில் யாரும் கண்டுகொள்ளாத மனச்சோர்வாலும் வருகிறது. அதே அளவு விந்து வெளியேறி எந்தக் கவலையும் இல்லாதவன் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறான். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. பயத்துக்கு விளக்கம் உண்டு. இரண்டையும் கொடுக்கவேண்டிய இடத்தில் பஸ்பம் கொடுப்பது கொடுமை.

சிறுநீரில் வெள்ளை போவது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சிறுநீரின் காரத்தன்மை கூடும்போது அது படிந்து பால்போலக் கலங்கும். இரண்டு சொட்டு வினிகர் விட்டால் தெளிந்துவிடும். மலச்சிக்கலில் முக்கும்போது ஒழுகுவது புரோஸ்டேட் நீர். ஆசை எழும்போது நுனியில் கசியும் நிறமற்ற பிசுபிசுப்பு, சிறுநீர் வழியை வழவழப்பாக்கச் சுரப்பது. தூக்கத்தில் வெளியேறுவது வளரும் பையனின் உடலில் எல்லாம் சரியாக இயங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். நன்றாகத் தூங்கும் ஆணுக்கு ஓர் இரவில் மூன்று நான்கு முறை தானாகவே விறைப்பு வந்து போகும். குழந்தைப் பருவத்திலிருந்தே அப்படித்தான். சுய இன்பம் ஏதோ வழிதவறிய சிலரின் பழக்கம் என்ற எண்ணமும் நிற்காது. அமெரிக்காவில் கின்ஸி 1948இல் வெளியிட்ட ஆய்வில் பத்தில் ஒன்பது ஆண்களுக்கு மேல் அதைச் செய்தவர்களாக இருந்தார்கள். அத்தனை பேரும் கண் குழிந்து நரம்பு தளர்ந்து போய்விடவில்லை.

'நரம்புத் தளர்ச்சி'யைத்தான் நான் நின்று பேசவேண்டும். அதில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. ஆண்குறியில் எலும்பு இல்லை, எலும்போடு சேர்ந்த தசையும் இல்லை. உள்ளே பஞ்சு போன்ற இரு உருளைகள் நீளவாக்கில் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றின் மென்தசைகள் இறுகியிருக்கும், அதனால் ரத்தம் அளவாகத்தான் உள்ளே போகும். ஆசை எழும்போது முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கச் செய்கின்றன. மென்தசைகள் தளர்கின்றன. ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது, நிரம்பிய அழுத்தத்தில் வெளியேறும் சிரைகள் நசுங்கி ரத்தம் உள்ளேயே தங்குகிறது. அதுதான் விறைப்பு. இந்த வாயு ரத்தக்குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டுதான் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில் வயாக்ரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக, உள்ளே தளர்ந்தால்தான் வெளியே விறைக்கும். பயந்தவன் உடம்பில் நேர்மாறாக நடக்கிறது. அட்ரினலினும் அதன் உறவுப் பொருளும் சுரந்து அதே மென்தசைகளை இறுக்குகின்றன. ரத்தம் வராது. முதலிரவில் 'நான் சிறுவயதில் செய்த தவறு இப்போது வெளிப்பட்டுவிடுமோ' என்று உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு விறைப்பு வராமல் போவது இதனால்தான். அவன் விந்தை இழக்கவில்லை, தைரியத்தை இழந்தான். அதைப் பறித்தது அந்த நோட்டீஸும், அதற்கு முன்னால் அவனுக்குப் புத்தி சொன்ன பெரியவர்களும். மறுநாள் அவன் லாட்ஜ் தேடிப் போகிறான். அங்கே 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே' என்று பயத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கி அனுப்புகிறார்கள். அதிகாலையில் அவனுக்கு விறைப்பு வருகிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வருகிறது என்றால் குழாய்களும் நரம்புகளும் நன்றாக இருக்கின்றன, பேசவேண்டியது அவன் மனதோடு.

அளவும் நேரமும் இந்த வியாபாரத்தின் மற்ற இரு தூண்கள். 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து 15,521 ஆண்களின் குறி நீளங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரண நிலையில் சராசரி 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ. சுய இன்பத்தால் சிறுத்துப்போவதும் இல்லை, எண்ணெய் தடவி நீள்வதும் இல்லை. ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் கடிகாரம் கொடுத்து உறவு நேரத்தை அளந்த ஆய்வு 2005இல் வந்தது. நடுமட்ட நேரம் 5.4 நிமிடம். அரை மணி நேரம் என்று விளம்பரம் சொல்லும்போது, ஆரோக்கியமான ஆணைக் குறையுள்ளவனாக்கி வாடிக்கையாளனாக்குகிறார்கள்.

இதே பழைய கதை இப்போது ஆங்கிலப் பெயரோடு இளைஞர்களிடம் திரும்பி வந்திருக்கிறது. 'நோஃபேப்' என்று நாள் எண்ணிக்கொண்டு அடக்கினால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும், முகத்தில் தேஜஸ் வரும் என்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது 2003இல் சீனாவில் 28 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. அதில் ஏழாம் நாள் மட்டும் ஹார்மோன் உயர்ந்தது, பிறகு எவ்வளவு அடக்கினாலும் தொடர்ந்து ஏறவில்லை. அந்தப் பின்பாதியை யாரும் பகிர்வதில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு அடக்கிவைப்பது நேரடித் தீங்கும்கூட. நாட்கணக்கில் தங்கிய விந்தணுக்களின் மரபுப் பொருள் சிதைவது அதிகம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவுகொள்ளுங்கள் என்றுதான் கருத்தரிப்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். 'சேர்த்து வைத்து' கருமுட்டை வெளியாகும் நாளில் செலவழிக்கும் யோசனை அவர்களுடையதல்ல.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஜிம்மில் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு சொல். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளையடி பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு குறையும், பலருக்கு அடியோடு நின்றுபோகும், விதை சுருங்கும். ஆண்மைக்கு என்று போட்ட ஊசி தகப்பனாவதைத் தடுத்துவிடும்.

நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு நட்டத்தைக் காட்டுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்றது. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விறைப்புக் கோளாறு வருகிறது, மற்றவர்களைவிடப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே. இதயத்துக்குப் போகும் குழாய் 3, 4 மில்லிமீட்டர், ஆண்குறிக்குப் போவது 1, 2 மில்லிமீட்டர். கொழுப்பு படியும்போது சிறியதுதான் முதலில் அடைபடும். அதனால் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவது பலருக்கு எச்சரிக்கையாக வருகிறது. 45 வயதுக்காரர் ஒருவர் இந்த அறிகுறியோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொண்டால் உயிர் தப்பலாம். புகையையும் விட்டால் இன்னும் நல்லது. அவரோ 'இளமையில் செய்த தவறு' என்று நினைத்து வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் லேகியம் சாப்பிடுகிறார்.

அந்த லேகியத்திலும் ஆபத்து. மூலிகை என்று விற்கப்பட்ட வீரிய மருந்துகளில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதோடு இதையும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மூலிகைதானே என்று நம்பியவர் தன் இதய மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பிள்ளை இல்லாத வீட்டில் நடப்பது இன்னும் வேதனை. குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதி இணைகளில் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் எளியது, மலிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது கீழ் எல்லை. ஆனால் விறைப்பு இருக்கிறது, விந்து வருகிறது, ஆகவே குறை எனக்கில்லை என்று கணவன் பரிசோதனைக்கு மறுக்கிறான். கெட்டியாக இருந்தால் வீரியம், நீர்த்திருந்தால் மலடு என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டுகிறான். விந்தணு கண்ணுக்குத் தெரியாது. இதற்கிடையில் மனைவி ஊசியும் ஸ்கேனும் கோயிலும் அரசமரமுமாக அலைந்து, மலடி என்ற பட்டத்தையும் சுமக்கிறாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்தது. மனிதரின் பாலின்பத் திறனைப் பெருக்குவதாகச் சொல்லி எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை ஆறு மாதம் வரை சிறை. பேருந்து நிலையச் சுவரில் பட்டப்பகலில் ஒட்டப்படும் ஒவ்வொரு நோட்டீஸும், அந்த விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் ஒவ்வொரு தொலைக்காட்சியும் இந்தச் சட்டத்தை மீறுகின்றன. எழுபது ஆண்டுகளாக இதைக் கண்டும் காணாமல் இருப்பதற்கு, அதிகாரியும் அந்தக் கதையைப் பாதி நம்புவதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வாதம் உண்டு. அறிவுள்ளவர்கள் தணிந்த குரலில் சொல்வது: 'உண்மையோ பொய்யோ, அந்தப் பயம் இருந்தால் பையன்கள் கட்டுப்பாடாக இருப்பார்கள்.' இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட வெறுக்கிறேன். பயம் எந்தப் பையனையும் நிறுத்தவில்லை. செய்துவிட்டு அழவைத்தது, அவ்வளவே. கட்டுப்பாடு வேண்டுமென்றால் சொல்லித்தர நிஜமான விஷயங்கள் இருக்கின்றன. இன்னொருவரின் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. ஆணுறை கருவையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும். குறியில் புண் வந்தாலோ சிறுநீர் எரிந்தாலோ மறைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுரக்ஷா கிளினிக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையமும் இலவசமாக இயங்குகின்றன. இவற்றைப் பேசத்தான் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் பண்பாட்டைக் காரணம் காட்டித் தடுத்தன. தமிழில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' என்று முகம் காட்டிப் பேசினார். ஊர் அதைக் கிசுகிசுப்பாகவே பார்த்தது, ஆனாலும் பார்த்தது. அவருக்குப் பிறகு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தோம். லாட்ஜ்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பள்ளி சொல்லும்வரை தகப்பன் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பா முடியாவிட்டால் மாமாவோ அண்ணனோ சொல்லலாம். தூக்கத்தில் ஜட்டி நனைந்தால் அது நோயில்லை, துணியைத் துவைத்துப் போட்டுவிடு. குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளித் தண்ணீரால் கழுவு, வராவிட்டால் இழுக்காதே, சொல், டாக்டரிடம் காட்டுவோம். நீ தனியாகச் செய்வதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. விதையில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் மறைக்காதே. இதோடு ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். விதை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்வது 12 முதல் 18 வயதில்தான் அதிகம் நடக்கிறது. திடீரென்று கடும் வலி, வாந்தி, ஒருபக்கம் வீக்கம். ரத்த ஓட்டம் நின்ற விதையைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் இருக்கிறது, அதற்குள் அறுவை நடந்தாக வேண்டும். தன் தவறுக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பையன் விடிவதற்குள் அதை இழந்துவிடுவான். அங்கே வலித்தால் ராத்திரி ரெண்டு மணி என்றாலும் என்னைத் தட்டி எழுப்பு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.